கையால் செய்த வாழ்த்து அட்டைக்கு 8 வெள்ளி அதிகமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிச் சந்தைகளில் கையால் செய்த வாழ்த்து அட்டைகளை அநியாய விலைக்கு விற்கிறார்கள் என்றும், கடையில் 2 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும் ஒரு காகிதத்துக்கு 8 வெள்ளி கேட்பது பண்டிகை நேரத்தில் ஏழைகளின் மடியில் கை வைப்பதற்குச் சமம் என்றும் வாசகர் ஒருவர் தங்கள் ஏட்டில் எழுதியிருந்தார். அவர் எந்த ஊர்ச் சந்தையைப் பார்த்துவிட்டு எழுதினார் என்பதைக் குறிப்பிடவில்லை. மலேசியாவில் கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்தில், பால்மர (ரப்பர் மர) இலை நரம்பை ஒட்டிய அட்டையைச் சரியாக 8 வெள்ளிக்கு விற்கும் பெண்களில் நானும் ஒருத்தி. ஆகவே அந்தக் குற்றச்சாட்டுக்குக் கணக்கோடு பதில் சொல்வது என் கடமை என்று கருதி இதை எழுதுகிறேன்.

அன்பரின் ஆதங்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில்தான் 1,700 வெள்ளிக்கு உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் போக மிஞ்சுவதை வைத்துக்கொண்டு பண்டிகை கொண்டாடும் குடும்பத்துக்கு, ஓர் அட்டைக்கு 8 வெள்ளி என்பது பெரிய தொகைதான். எங்கள் சந்தைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட குடும்பத்தினரே, அட்டை செய்கிற நாங்களும் அவர்களில் அடக்கம். ஆனால் அதே குறைந்தபட்சச் சம்பள ஆணை மணிக்கணக்கில் வேலை செய்வோருக்கு 8 வெள்ளி 17 காசு என்றும் நிர்ணயித்திருக்கிறது. வாங்குபவருக்குப் பொருந்தும் சம்பளக் கணக்கு செய்பவருக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? அட்டை செய்யும் பெண்ணின் ஒரு மணி நேரம், உணவகத்தில் தட்டு கழுவுபவரின் ஒரு மணி நேரத்தைவிட மலிவானது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் நாங்களே என்பதுதான் வருத்தம், அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த 8 வெள்ளி எங்கே போகிறது என்பதை முதலில் பார்ப்போம். பால்மரத்தின் இலை ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகளாக நிற்கும். இளந்தளிர் கொதிநீரில் கரைந்துவிடும், ஆண்டுத் தொடக்கத்தில் மரம் உதிர்க்கும் சருகோ முறிந்துவிடும், ஆதலால் முற்றிய பச்சை இலையாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் செம்பனை வந்த பிறகு பால்மரம் அருகிவிட்டதால், மரத்தை இன்னும் வெட்டாமல் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களிடம் கேட்டுத்தான் இலையை வாங்கி வருகிறோம். சலவைச் சோடா கரைத்த நீரில் மெல்லிய தீயில் நெடுநேரம் வேக வைத்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, பீங்கான் தட்டில் ஒவ்வொன்றாக விரித்து, மென்மையான பழைய பல் தூரிகையால் தட்டித் தட்டிச் சதையை நீக்கினால், நரம்புப் பின்னல் மட்டும் எஞ்சும். தட்டாமல் இழுத்துத் தேய்த்தால் நடு நரம்பு தனியாகவும் மற்றது தனியாகவும் கையோடு வந்துவிடும். பத்து இலை போட்டால் இரண்டு மூன்றாவது கிழியும். மிஞ்சியதை ஊதா அல்லது பொன்னிறச் சாயத்தில் தோய்த்து, பழைய நாளிதழ்களுக்கு இடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றிக் காய வைப்போம். (தங்கள் ஏடு எங்கள் வீட்டில் இரண்டு முறை பயன்படுகிறது என்பதை ஆசிரியர் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.)

அதன் பிறகுதான் அட்டை. 300 ஜி.எஸ்.எம். தடிமனுள்ள ஏ4 தாளை இரண்டாக வெட்டி மடித்தால் இரண்டு அட்டைகள் கிடைக்கும். 250க்குக் கீழே உள்ள தாள் மலிவுதான் என்றாலும், இலையை ஒட்டிய ஈரத்தில் நெளிந்துகொள்ளும், மேசையில் நிமிர்ந்தும் நிற்காது. எங்கள் வாங்கும் விலைப்படி தாள், உறை, சாயம், பசை, பொன்னிறப் பேனா, மேலே போடும் கண்ணாடித் தாள் உறை, வீணாகும் இலைக்கான ஈடு எல்லாம் சேர்த்து அட்டை ஒன்றுக்கு 1 வெள்ளி 30 காசு ஆகிறது. நாற்பது ஐம்பது அட்டைகளை ஒரே மூச்சில், ஒருவர் இலை, ஒருவர் மடிப்பு, ஒருவர் எழுத்து என்று வேலையைப் பிரித்துக்கொண்டு செய்தாலும், இலைப் பக்குவம் முதல் உறையிடுவது வரை அட்டைக்கு 25 நிமிட உழைப்பு விழுகிறது. மணிக்கு 8 வெள்ளி 17 காசு என்றால் 25 நிமிடத்துக்கு 3 வெள்ளி 40 காசு. ஆக, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அட்டையின் அடக்கவிலை 4 வெள்ளி 70 காசு. சந்தையில் ஒரு மேசைக்கு 80 வெள்ளி வாடகை கேட்கிறார்கள். நல்ல நாளாக இருந்து அறுபது அட்டைகள் விற்றால் தலைக்கு 1 வெள்ளி 33 காசு கூடுகிறது. இப்போது 6 வெள்ளி 3 காசு. மிச்சமுள்ள 2 வெள்ளிக்குள்தான் பெட்ரோல் செலவும், தொழில் பதிவுக் கட்டணமும், பண்டிகை முடிந்த பிறகு விலைபோகாமல் பெட்டிக்குள் தங்கிவிடும் அட்டைகளின் நட்டமும், அடுத்த பருவத்துக்கான தாளும் அடங்க வேண்டும். இதில் கொள்ளை லாபம் எங்கே இருக்கிறது என்பதை அன்பர்தான் காட்ட வேண்டும்.

இதே அட்டையை 3 வெள்ளிக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் காட்டித்தான் எங்களிடம் விலை பேசுகிறார்கள். 3 வெள்ளியில் பொருட்செலவையும் மேசை வாடகையையும் கழித்தால் மிஞ்சுவது 37 காசு. 25 நிமிடத்துக்கு 37 காசு என்றால் மணிக்கு 89 காசு கூலி. “சும்மா இருக்கிற நேரத்துல செஞ்சதுதானே அக்கா, போட்ட காசு வந்தா போதும்” என்று அவர்கள் சொல்கிறார்கள். இந்தச் சொல்தான் எங்கள் தொழிலைக் கெடுக்கிறது, வாங்குபவர்களின் பேரம் அல்ல. சும்மா இருக்கிற நேரம் என்று ஒன்று எந்தப் பெண்ணுக்கும் கிடையாது. சமையல் முடித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, இரவு பத்து மணிக்கு மேல் கண் எரியச் செய்கிற வேலைக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது பொருந்தாது. தன் கூலியைத் தானே சுழியம் என்று போட்டுக்கொள்பவர் தன்னை மட்டும் ஏமாற்றிக்கொள்ளவில்லை, பக்கத்து மேசைக்காரர் நியாயமான விலை கேட்கும்போது அவரைப் பேராசைக்காரராகவும் ஆக்கிவிடுகிறார்.

காகிதம்தானே என்ற பேச்சு இன்று வந்ததல்ல. விற்பனைக்கென்று அச்சான முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843இல் லண்டனில் வெளிவந்தது. ஹென்றி கோல் என்பவர் ஜான் கால்கட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு வரைவித்து, ஆயிரம் படிகள் அளவில் கல்லச்சில் அடித்து, கையால் வண்ணம் தீட்டச் செய்து, ஒன்று ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். அந்நாளில் கடிதம் அனுப்பத் தபால் கட்டணம் ஒரு பென்னி, ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. அதாவது தபால் செலவைப்போல் பன்னிரண்டு மடங்கு விலை, சாமானியர் தொட முடியாதது. பிறகு அட்டைகள் மலிந்தன என்பது உண்மை. 1870களில் அமெரிக்காவின் பாஸ்டனில் லூயிஸ் பிராங் போன்றவர்கள் பல வண்ணக் கல்லச்சு முறையில் அட்டைகளைப் பெருமளவில் அடிக்கத் தொடங்கியதும், வண்ணம் தீட்டும் கைவேலை அட்டையிலிருந்து நீங்கியது, விலையும் இறங்கியது. விலை இறங்கியது கைவேலை நீங்கியதால்தான், அதே கைவேலையைச் செய்துகொண்டு கூலியை விட்டுக்கொடுத்ததால் அல்ல. எங்கள் பகுதிப் பெண்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: மலிவான அட்டை வேண்டும் என்றால் விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள்.

அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். 8 வெள்ளி கொடுக்க இயலாதவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதற்காக எங்கள் மேசையில் 3 வெள்ளி அட்டையும் இருக்கிறது. அது இலை அட்டையின் தள்ளுபடி விலை அன்று, வேறு அட்டை. ஏ4 தாளை நான்காக வெட்டி, மடிக்காமல், ஒற்றை அட்டையாக வைத்துக்கொள்கிறோம். பெரிய அழிப்பான் கட்டியில் நாங்களே செதுக்கிய கோல அச்சை மையில் ஒற்றிப் பதித்து, ‘இனிய தீபாவளி வாழ்த்துகள்’ என்று கையால் எழுதினால் முடிந்தது. அச்சைச் செதுக்க ஒரு மாலைப்பொழுது ஆகும் என்றாலும், அது நூற்றுக்கணக்கான அட்டைகளுக்கு உழைக்கும். பொருட்செலவு 65 காசு. எழுத்தும் உறையும் சேர்த்து 5 நிமிடம், அதற்கான கூலி 68 காசு. மேசை வாடகையை எல்லா அட்டைகளின் தலையிலும் சமமாகக் கட்டினால் இந்தச் சிறிய அட்டை தாங்காது, ஆகவே விற்பனைத் தொகையில் ஆறில் ஒரு பங்கு வாடகைக்கு என்று பிரிக்கிறோம். 8 வெள்ளி அட்டையின் 1 வெள்ளி 33 காசும் அதே ஆறில் ஒரு பங்குதான். அப்படிப் பார்த்தால் 3 வெள்ளி அட்டைக்கு வாடகை 50 காசு, அடக்கவிலை மொத்தம் 1 வெள்ளி 83 காசு. இதில் நட்டமும் இல்லை, தியாகமும் இல்லை. கூலி என்ற வரியைக் கணக்கில் வைத்தபடியே மலிவு அட்டை செய்ய முடியும் என்பதற்கு இதுவே சான்று.

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் மனம்போல அட்டையைச் செய்கிறார்கள். காகிதச் சுருள் மயில், அதன் தோகையில் மணி, மணியைச் சுற்றிச் சரிகை என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, ஒன்றரை மணி நேரம் செலவிட்ட பிறகு, ‘5 வெள்ளிக்கு மேல் யார் வாங்குவார்கள்’ என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டு 5 வெள்ளிச் சீட்டை ஒட்டுகிறார்கள். முதலில் விலையை முடிவு செய்து, அந்த விலை எத்தனை நிமிடத்தைத் தாங்கும் என்று கணக்கிட்டு, அதற்குள் முடிகிற அட்டையை யோசிக்க வேண்டும். 5 வெள்ளி அட்டை கால் மணி நேரத்தைத் தாங்கும், மயிலைத் தாங்காது. மயில் வேண்டும் என்போர் அதைத் திருமண வாழ்த்தாகச் சொல்லிவைத்துச் செய்விக்கட்டும், அதற்குரிய 25 வெள்ளியைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

விலையை முழு வெள்ளியாக வைப்பதே சந்தைக்கு ஏற்றது. பேரங்காடிகளில் 9 வெள்ளி 90 காசு என்று போடுவதைப் பார்த்து நாமும் 7.90 என்று எழுதினால், இரவு எட்டு மணிக் கூட்டத்தில் பத்துக் காசு தேடித் தவிக்கப்போவது நாம்தான். 2008 ஏப்ரலிலிருந்து பில் தொகையை ஐந்து காசுக்குச் சரிசெய்யும் முறை வந்த பிறகு 7.99 என்ற விலைக்கு இங்கே அர்த்தமே இல்லை. 2012இல் மீண்டும் புழக்கத்துக்கு வந்த 20 வெள்ளி நோட்டு எங்களுக்குப் பெரிய உதவி. மூன்று இலை அட்டைகளை 20 வெள்ளிக்குக் கொடுக்கிறோம், அடக்கவிலை 18 வெள்ளிக்குச் சற்று மேலே என்பதால் அதற்கும் கீழே இறங்குவதில்லை. எங்களூருக்கு அருகே எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர்கள் வருவார்கள், அவர்கள் கையில் நோட்டே இருக்காது. கைப்பேசியில் பணம் செலுத்த உதவும் டியூட்நவ் கியூ.ஆர். அட்டையை மேசையில் நிறுத்தி வைக்காத கடையை அவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. பிறந்தநாளுக்கும் பிரியாவிடைக்கும் உள்ளே எதுவும் எழுதாத அட்டைகளைத்தான் கேட்பார்கள், ஆதலால் கொண்டுபோவதில் பாதி அப்படி இருப்பது நல்லது.

பேரம் பேசுகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்வதைவிட, பேரத்துக்கு இடம் தராமல் மேசையை அமைப்பது சாலச் சிறந்தது. விலை எழுதாத பொருளுக்குத்தான் பேரம் முளைக்கிறது. கூச்சமுள்ளவர்கள் விலையைக் கேட்காமலேயே நகர்ந்துவிடுகிறார்கள், கூச்சமில்லாதவர்கள் பாதி விலையிலிருந்து தொடங்குகிறார்கள். ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் சிறு ஒட்டுச்சீட்டில் விலை இருந்தால் இரண்டுமே குறையும். அட்டைகளை மேசையில் படுக்க வைத்தால் முன் வரிசையில் நிற்பவர் மட்டுமே பார்ப்பார். ஆகவே மரச்சட்டத்தில் கயிறு கட்டிக் கிளிப்பில் நிமிர்த்தி மாட்ட வேண்டும். வடையைத் தின்றுவிட்டு வரும் கை அட்டையைத் தொடும் என்பதை எதிர்பார்த்து எல்லாவற்றுக்கும் கண்ணாடித் தாள் உறை போட்டு, தொட்டுப் பார்ப்பதற்கென்று ஒன்றை மட்டும் உறையில்லாமல் வைக்கிறோம். அந்த இலை நரம்பை விரலால் தடவிப் பார்த்தவர்களில் பலர், “இது நெஜமான எலையா?” என்று கேட்பார்கள். கேட்டவரிடம் சோடாவில் வேக வைப்பதையும் தூரிகையால் தட்டுவதையும் நான்கு வாக்கியத்தில் சொன்னால், அதற்குப் பிறகு அவர் விலை பேசுவது அரிது. முன்பு பால்மரம் சீவிப் பால் எடுத்த பெரியவர்கள் மட்டும் கேட்கமாட்டார்கள், பார்த்ததுமே இலையை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அட்டையில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சந்தைதான் கற்றுத் தருகிறது. பிள்ளையார், இலட்சுமி படம் போட்ட அட்டைகள் அழகாக இருந்தாலும் மெதுவாகத்தான் போகின்றன, பண்டிகை முடிந்ததும் சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராதே என்று வாங்கத் தயங்குகிறார்கள். குத்துவிளக்கும் கோலமும் அந்தச் சங்கடத்தைத் தருவதில்லை. ஜெராய் மலையின் கோட்டுருவமும், மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தை ஒட்டியுள்ள சண்டி புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் படிக்கட்டும் வரைந்த அட்டைகளை, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அனுப்பவென்றே சிலர் வாங்குகிறார்கள். தொலைக்காட்சிப் பொம்மைப் படக் கதாபாத்திரங்களை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டி விற்பவர்களுக்கு ஒரு சொல்: அது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை மீறுவதாகும், குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள் என்பது அதற்குச் சமாதானமாகாது.

அட்டையைவிட நன்றாக விற்பது எது என்று கேட்டால், கையால் செய்த பண உறைதான். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு உறையில் பணம் வைத்துக் கொடுப்பது இன்று நம் எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கம். வங்கிகள் தரும் உறைகள் இலவசமாகக் கிடைத்தாலும், பேரப்பிள்ளையின் பெயரைத் தமிழில் எழுதிய உறைக்குத் தாத்தா பாட்டிகள் காசு கொடுக்கத் தயங்குவதில்லை. ஐந்து உறைகள் கொண்ட கட்டை 10 வெள்ளிக்குக் கொடுக்கிறோம், பெயரை நின்ற இடத்திலேயே எழுதித் தருகிறோம். ஆவணியிலும் தையிலும் இதே வேலை மொய் உறையாக மாறுகிறது. ஆடியும் மார்கழியும் விற்பனை இல்லாத மாதங்கள் என்பதால் இலையைப் பக்குவப்படுத்திச் சேமிக்க அவையே ஏற்ற காலம், சிலிக்கா பொட்டலம் போட்டு மூடிய பெட்டியில் வைக்காவிட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் பூசணம் பிடித்துவிடும். எல்லாக் காலத்துக்கும் தீபாவளியை மட்டும் நம்பியிருப்பவர்கள் மே 16ஆம் நாள் வரும் ஆசிரியர் தினத்தை மறந்துவிடுகிறார்கள். தமிழ்ப்பள்ளி வாசலில் அந்த வாரம் 3 வெள்ளி அட்டைகள் போகிற வேகத்துக்கு நாங்கள் ஈடுகொடுக்க முடிவதில்லை.

பினாங்குக்குக் கொண்டுபோய் விற்கலாமே, ஜார்ஜ்டவுனில் ஹின் பஸ் டெப்போ ஞாயிறு சந்தையில் இதற்கு 12 வெள்ளி கேட்டாலும் கொடுப்பார்களே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். கொடுக்கக்கூடும். ஆனால் பாலம் தாண்டிப் போய்வரும் செலவும், ஒரு நாள் முழுக்க வீட்டை விட்டிருப்பதும் சேர்ந்தால் கூடுதலாக வரும் தொகையில் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துவிடும். அதோடு, ஒரே அட்டையை அங்கே ஒரு விலைக்கும் இங்கே ஒரு விலைக்கும் விற்பது எனக்கு உடன்பாடில்லை. கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பும் காலத்தில் அது மூன்றே நாளில் தெரிந்துவிடும், அப்போது எந்த விலை உண்மையான விலை என்று கேட்பவருக்கு நம்மிடம் பதில் இருக்காது.

இனிச் சந்தை நடத்துபவர்களுக்கு. எந்த அமைப்பையும் பெயர் சொல்லிக் குறைகூற நான் விரும்பவில்லை, பெரும்பாலோர் தொண்டு மனப்பான்மையோடுதான் நடத்துகிறார்கள். ஆனாலும் முறுக்குச் சுட்டு விற்பவருக்கும் அட்டை விற்பவருக்கும் ஒரே 80 வெள்ளி வாடகை என்பது சமத்துவம் போலத் தோன்றினாலும் சமத்துவம் அன்று. உணவுக் கடைக்காரர் அந்தத் தொகையை முதல் மணி நேரத்திலேயே எடுத்துவிடுவார். மேசை வாடகையைப் போலப் பத்து மடங்காவது விற்பனை இருக்க வேண்டும் என்று கைவினைக்காரர்களிடையே ஒரு வழக்குக் கணக்கு உண்டு. அதன்படி நாங்கள் ஒரே இரவில் நூறு இலை அட்டைகளை விற்க வேண்டும். பீடோங் அளவுள்ள ஊரில் அது நடக்காது. எங்களுக்கு முழு மேசையும் தேவையில்லை. ஒரு மேசையை இரண்டு கைவினைக்காரர்கள் பகிர்ந்துகொண்டு ஆளுக்கு 40 வெள்ளி கட்ட அனுமதித்தால், ஏற்பாட்டாளருக்கு ஒரு காசும் குறையாது, எங்களுக்கோ அட்டைக்கு அறுபது எழுபது காசு மிச்சமாகும். அந்த மிச்சத்தை விலையில் குறைத்துக் கொடுக்க எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இடமும் முக்கியம். சென்ற ஆண்டு ஒரு சந்தையில் எங்களுக்குக் கூடாரத்தின் ஓர மேசையைக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் எண்ணெய்ச் சட்டி, மறுபக்கம் ஒலிபெருக்கி. ஐப்பசி மாலை மழை வழக்கம்போல் வந்தது, சாரல் மேசை மேல் அடித்தது, கண்ணாடித் தாள் உறைக்குள்ளும் ஈரம் ஏறி இலைகள் அட்டையைவிட்டு எழுந்து நின்றன. அன்று வீணானவற்றின் விலையை யாரிடம் கேட்பது? தண்ணீர் படக்கூடாத பொருளுக்கு நடு வரிசையை ஒதுக்க ஏற்பாட்டாளர்களுக்குச் செலவு எதுவும் இல்லை. விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஞ்சள் குமிழ் வெளிச்சத்தில் ஊதா நிறம் கறுப்பாகத் தெரியும், பொன்னிறம் தெரியவே தெரியாது. நாங்கள் வெள்ளை விளக்கைக் கொண்டுவரத் தயார், மேசைக்கு ஒரு மின் இணைப்பைத் தந்தால் போதும். நிறுவனப் பதிவுச் சான்று வேண்டும் என்று கேட்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி கட்டி 1956ஆம் ஆண்டுத் தொழில் பதிவுச் சட்டத்தின்படி பதிந்துகொள்வது எல்லாருக்கும் நல்லது. அந்தச் சான்று கையில் இருந்தால்தான் சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன், இந்தியத் தொழில்முனைவோருக்கு வழங்கும் ஸ்பூமி கடனுதவி போன்றவற்றுக்குக் கைவினைப் பெண்கள் விண்ணப்பிப்பதைப் பற்றி யோசிக்கவே முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காலத்தைச் சொல்ல வேண்டும். தீபாவளிச் சந்தைகள் பெரும்பாலும் பண்டிகைக்கு முந்தைய கடைசி வாரங்களில்தான் நடக்கின்றன. அந்த நேரத்தில் மக்கள் வருவது துணிக்கும் பலகாரத்துக்கும்தான். வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ தபாலில் அனுப்ப நினைப்பவருக்கு அப்போது வாங்கும் அட்டை பயன்படாது, ஆகவே அவர் வாங்குவதும் இல்லை. பண்டிகைக்கு ஆறு வாரம் முன்னதாக, ஒரு சனிக்கிழமை மாலை, தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ கோயில் திருமண மண்டபத்திலோ, உணவுக் கடைகள் இல்லாமல் கைவினைப் பொருள்களுக்கு மட்டும் ஒரு சிறிய சந்தையை நடத்திப் பார்க்கலாம். கூரை இருப்பதால் மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை, கூடார வாடகை இல்லாததால் மேசைக்கு 20 வெள்ளி வாங்கினாலே செலவு கட்டும் என்பது என் மதிப்பீடு. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதை எடுத்து நடத்த முன்வந்தால், பீடோங், செமெலிங், மெர்போக் பகுதிகளில் அட்டை, காகிதப் பூ, மணிமாலை செய்யும் பெண்களைச் சேர்த்துத் தரும் வேலையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். பள்ளி விடுமுறைக்கு முன் தேதியைச் சொல்லிவிட்டால் இலையைப் பறித்து வேக வைக்கப் போதிய நாள் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
பீடோங், கெடா.